தணல் வரட்டும், பிறகு பழத்தை வையுங்கள்: அலுமினியத் தாளில் பழம் சுடும் முறை

பழத்தை நெருப்பில் சுட்டுத் தின்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதில்லை. பனம்பழம் விழுகிற காலத்தில் அதை அடுப்பில் சுட்டு, தோலை உரித்து, புளி விட்டுப் பிசைந்து, முகமெல்லாம் மஞ்சளாகத் தும்பைச் சூப்பி வளர்ந்தவர்கள் இப்போதும் ஊரெல்லாம் இருக்கிறார்கள். அதனால் இந்த விசயத்தில் அலுமினியத் தாள் மட்டும்தான் புதுசு. நெருப்பும் பழமும் பழகினவைதான்.

நான் இதை முதலில் செய்தது அக்காவின் பிள்ளைகள் ரொறன்ரோவிலிருந்து ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்து நின்றபோது. நல்லூர்த் திருவிழா நேரம், 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை, பிள்ளைகளோ "சித்தி, வெளியில நெருப்பு மூட்டி ஏதாவது சுடுவோம்" என்று ஒவ்வொரு பின்னேரமும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கோழியும் இல்லை மீனும் இல்லை என்றால் எதைச் சுடுவது? அங்கே பள்ளிக்கூடத்தால் முகாமுக்குப் போனபோது வாழைப்பழத்தைக் கீறி, உள்ளே சொக்லேட் வைத்து, அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்டதாகப் பெரியவள் சொன்னாள். அதையே வளவில் செய்து பார்த்தோம். முதல் நாள் சரிவரவில்லை. கொழுந்துவிட்டு எரிகிற நெருப்புக்குள் பொதிகளைப் போட்டுவிட்டோம். தாள் அங்கங்கே ஓட்டையாகி, பழத்தின் ஒரு பக்கம் கரியாகி, மற்றப் பக்கம் பச்சையாகவே கிடந்தது. சின்னவள் அழுதுவிட்டாள். அடுத்த நாள் அதே பழம், அதே சொக்லேட், அதே தாள்தான். ஆனால் சுவாலை அடங்கித் தணலாகும்வரை பொறுத்திருந்து வைத்தோம். பொதியைத் திறந்தபோது பழம் களிபோல இளகி, அதன் சாறும் சொக்லேட்டும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஒருவரும் கதைக்கவில்லை, சாப்பிட்டுக்கொண்டே இருந்தோம்.

புதிதாகச் செய்கிறவர்கள் பிழைவிடுகிற இடமும் அநேகமாக அதுதான், எரிகிற நெருப்பு தணலாகும்வரை பொறுக்காதது. பொதிக்குள் நடப்பது அரைவாசி அவியல், அரைவாசி சுடுதல். பழத்தில் உள்ள தண்ணீர் ஆவியாகி வெளியே போக முடியாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றிப் பழத்தை அவிக்கிறது. தாளோடு ஒட்டியிருக்கிற அடிப்பக்கத்தில் சீனி இளகிப் பொன்னிறமாகிறது. இதற்கு ஒரே சீரான சூடு வேண்டும். சுவாலை அப்படிச் சூடு தராது, ஒரு இடத்தைச் சுட்டெரித்துவிட்டு மற்ற இடத்தைத் தொடாமலே போகும். அலுமினியம் உருகுவது 660 பாகையில், ஊதி எரிய விட்ட நெருப்பு அந்தச் சூட்டையும் தாண்டக்கூடியது. வீட்டில் பாவிக்கிற மெல்லிய தாள் அதற்குத் தாங்காது.

எங்கே மூட்டுவது

வீட்டு வளவுதான் நல்லது என்பேன். ஆனால் நம்முடைய வளவுகளில் எரியக்கூடிய பொருள் நிறைய. கிடுகு வேலி, பனையோலை வேலி, மாட்டுக்கொட்டில் கூரை, மூலையில் குவித்து வைத்த தேங்காய்ப் பொச்சு, எல்லாமே ஒரு பொறிக்குக் காத்திருப்பவை. இவை எல்லாவற்றிலிருந்தும் 5 மீற்றராவது தள்ளி இடம் பாருங்கள். பிறகு ஒருமுறை அண்ணாந்தும் பாருங்கள், மேலே பனையில் காவோலை தொங்கினால் அந்த இடம் வேண்டாம். தரையைக் கூட்டிச் சருகெல்லாம் அகற்றிவிட்டு ஒரு சாண் ஆழத்தில், இரண்டு முழ அகலத்தில் கிடங்கு வெட்டிக்கொள்ளுங்கள். கிடங்குக்குள் இருக்கிற தணலைக் காற்று கலைக்காது.

கடற்கரைக்குப் போய்ச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் அதிகம், எனக்கும் அந்த ஆசை உண்டு. காரைநகர் கசூரினா, வேலணைச் சாட்டி, வடமராட்சிக் கிழக்கில் மணற்காடு என்று நல்ல இடங்கள் இருக்கின்றன. பொதுக் கடற்கரையில் தீ மூட்டலாமா என்று அங்கே பொறுப்பாக இருக்கிறவர்களிடம் முதலில் கேளுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சரி என்று விட்டாலும், சவுக்கு மரங்களுக்குக் கீழே மட்டும் மூட்ட வேண்டாம். நிழலும் மெத்தைபோன்ற தரையும் நன்றாக இருக்கும்தான், ஆனால் அந்த மெத்தை முழுவதும் காய்ந்த சவுக்கிலை, ஒரு பொறி விழுந்தால் மரத்தடி முழுக்க ஓடிவிடும். மரத்தில் கொப்பு முறித்து விறகாக்கவும் வேண்டாம். மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்த மரங்கள்தான். வலைகள், வள்ளங்கள், வாடிகள் இருக்கிற பக்கமும் போகாதீர்கள். ஒரு பொறி பட்டு வலை ஓட்டையானால் அது ஒரு குடும்பத்தின் உழைப்பு.

கரையில் கிடக்கிற முருகைக்கல்லை எடுத்து அடுப்புக்கட்டி ஆக்குவதைப் பலர் செய்கிறார்கள். அது தண்ணீர் குடித்த கல். உள்ளே இருக்கிற ஈரம் சூட்டில் ஆவியாகி, கல் வெடித்துத் தெறிக்கும். மணலில் கிடங்கு வெட்டினால் கல்லே தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தெரியாத காணியில், ஆட்கள் புழங்காத பற்றையில், கைவிட்ட வளவில் கிடங்கு வெட்டித் தீ மூட்ட வேண்டாம். நமது மண்ணில் மிதிவெடியும் வெடிக்காத குண்டும் இன்னும் எடுத்து முடியவில்லை, அவற்றுக்கு மேலே நெருப்பு எரிந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இது தெரியாது, நாங்கள்தான் சொல்ல வேண்டும். தினமும் ஆட்கள் நடமாடுகிற இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும், அந்த மாதங்களில் வெறும் கடற்கரையில் நெருப்பை வைத்திருப்பதே பெரும் பாடு. தை கழிந்து சித்திரைக்குள் வருகிற அமைதியான நாட்கள்தான் கடற்கரைக்கு ஏற்றவை. சோளகக் காலத்தில் வளவோடு நில்லுங்கள், அதுவும் பலமாக அடிக்கிற அன்றைக்கு வளவிலும் வேண்டாம்.

விறகும் தணலும்

விறகுக்கு என்னுடைய தெரிவு சிரட்டை. 6 பொதிக்கு 20 சிரட்டைப் பாதி போதும். சீக்கிரம் பிடிக்கும், நல்ல சூட்டோடு எரியும், 20–25 நிமிடத்தில் தணலாகிவிடும், தணலும் புகையில்லாமல் சுத்தமாக இருக்கும். துணி அழுத்துகிற பெட்டிக்குச் சிரட்டைக்கரி போட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள், அதன் சூடு எப்படி நின்று பிடிக்கும் என்று விளங்கும். ஆனால் சிரட்டைத் தணல் நீண்ட நேரம் இருக்காது. இரண்டு மூன்று சுற்றுச் சுட வேண்டுமானால் நாலைந்து கட்டை வேம்போ பூவரசோ சவுக்கோ சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கு முக்கால் மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். பனங்கொட்டை ஊமல் வீட்டில் கிடந்தால் அதுவும் அருமையான விறகு.

மூட்டுவதற்குப் பொச்சும் பன்னாடையும் போதும். கிடங்கின் நடுவில் பொச்சை உதிர்த்து வைத்து, மேலே சுள்ளி, அதற்கு மேலே சிரட்டைகளைக் கூம்பாக அடுக்கி, கீழே நெருப்புக் குச்சியைக் காட்டினால் பிடித்துவிடும். காய்ந்த ஓலையைக் கொஞ்சமாகப் பாவியுங்கள், எரிந்த ஓலைத்துண்டு காற்றில் பறந்து போய் எங்கேயாவது விழும். மண்ணெண்ணெய் வேண்டாம். தீ பிடிக்கவில்லை என்று எரிகிற விறகுக்கு மேலே மண்ணெண்ணெய் ஊற்றுவது உயிராபத்து, அதோடு பழத்திலும் அந்த மணம் ஏறிவிடும்.

சில மரங்களை எரிக்கவே கூடாது. அலரி நஞ்சு, அதன் புகையும் ஆகாது, அதன் தடியைப் பழம் குத்தவும் எடுக்காதீர்கள். களப்புக்கரையில் நிற்கிற தில்லையின் பால் கண்ணுக்குக் கெடுதி, புகையும் கண்ணைத் தாக்கும். பெயின்ற் அடித்த பலகை, பிளாஸ்ரிக் ஒட்டிய பலகை இவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். இன்ன மரம் என்று தெரியாத விறகை விட்டுவிடுவதே நல்லது.

யாழ்ப்பாணத்தில் ஆறரை, ஏழுக்குள் இருட்டிவிடும். நான் ஐந்து மணிக்கு மூட்டுவேன், வெளிச்சம் இருக்கும்போதே தணல் தயாராகிவிடும், பொதிகளை வைத்து எடுக்கும் நேரத்தில் கண்ணுக்கும் நன்றாகத் தெரியும்.

தணல் ஆயத்தமா என்று எப்படி அறிவது? சுவாலை முழுதாக அடங்கி, துண்டுகள் உள்ளே சிவந்து, மேலே மெல்லிய சாம்பல் போர்த்தியிருக்க வேண்டும். ஒரு தடியால் அவற்றைப் பரப்பிவிட்டு, உள்ளங்கையைத் தணலுக்கு மேலே ஒரு அரைச்சாண் உயரத்தில் பிடித்து எண்ணுங்கள். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். இரண்டு எண்ணுவதற்குள் கையை எடுக்க வேண்டியிருந்தால் சூடு கூட, இன்னும் கொஞ்சம் பொறுங்கள். நாலு ஐந்து வரை தாங்கினால் பழத்துக்குச் சரியான சூடு. எட்டு வரை தாங்கினால் தணல் சாகப் போகிறது என்று அர்த்தம், இன்னும் நாலு சிரட்டை போட்டுத் தணலாக்குங்கள். கிடங்கின் ஒரு பக்கம் தணலைத் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் பரப்பி வைத்தால், கருகப் பார்க்கிற பொதியை மெல்லிய பக்கத்துக்கு நகர்த்திவிடலாம்.

தாளும் பொதியும்

கடைகளில் கிடைக்கிற தாள் பெரும்பாலும் 30 சென்ரிமீற்றர் அகலச் சுருள். தடிப்பான வகை கிடைத்தால் ஒரு சுற்றுப் போதும், சாதாரணத் தாள் என்றால் கட்டாயம் இரண்டு சுற்று. மினுங்குகிற பக்கம் உள்ளேயா வெளியேயா என்று எல்லாரும் கேட்பார்கள். எந்தப் பக்கமும் ஒன்றுதான். தாளைத் தட்டையாக்குகிற கடைசிக் கட்டத்தில் இரண்டு தாள்களை ஒன்றாகச் சேர்த்து உருளைக்குள் விடுகிறார்கள், உருளையில் படுகிற பக்கம் மினுங்கும், ஒன்றோடொன்று ஒட்டியிருந்த பக்கம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

நான் தாளுக்குள் ஒரு துண்டு வாழையிலை வைப்பேன். அன்னாசி, தேசிக்காய்ப்புளி, செங்காய் மாங்காய் போன்ற புளிப்பான பொருள்கள் சூட்டில் அலுமினியத்தை அரிக்கும், பழத்தில் உலோகச் சுவையும் வரும். இடையில் இலை இருந்தால் பழம் தாளில் படாது. அதைவிட முக்கியம், வாழையிலை மணம். இலையைத் தணலில் ஒருமுறை காட்டி வாட்டினால் கிழியாமல் மடியும். இதே காரணத்துக்காக மிஞ்சிய பழத்தைத் தாளோடு வைத்து மறுநாள் சாப்பிடாதீர்கள், ஒரு கோப்பைக்கு மாற்றிவிடுங்கள்.

பொதி மடிக்கும் விதம்: முழங்கை நீளத்துக்குத் தாளைக் கிழித்து விரியுங்கள். நடுவில் இலை, இலையில் பட்டரோ தேங்காயெண்ணெயோ கொஞ்சம் பூசி, அதன்மேல் பழம். நீளப் பக்கம் இரண்டையும் மேலே தூக்கி ஒன்றாகச் சேர்த்து, விரல் அகலத்துக்கு இரண்டு மூன்று தரம் கீழ்நோக்கி மடித்து வாருங்கள். பழத்தோடு ஒட்ட அழுத்தி மடிக்க வேண்டாம். மேலே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும், ஆவி அதற்குள்தான் சுற்றப் போகிறது. பிறகு இரண்டு முனைகளையும் அதேபோல மடித்து மேல்நோக்கித் திருப்பிவிடுங்கள். முனை கீழே பார்த்தால் சாறு முழுவதும் தணலில் வடிந்துவிடும், பழத்தில் ருசியே அந்தச் சாறுதான். சாதாரணத் தாள் என்றால் இப்போது இரண்டாவது தாளால் இன்னொருமுறை சுற்றுங்கள். மடிப்பு எப்போதும் மேலே பார்த்தபடி இருக்கட்டும்.

இனிப் பழங்கள்

முதல் தரம் செய்கிறவர்கள் வாழைப்பழத்தோடு தொடங்குங்கள், பிழை வர வழியில்லை. நீர்வேலிப் பக்கத்திலிருந்து வருகிற குலைகள் திருநெல்வேலிச் சந்தையில் எப்போதும் இருக்கும். கப்பல் பழம் எனக்குப் பிடித்தது; இதரையிலும் செய்யலாம், ஆனால் சின்னது, சீக்கிரம் வெந்துவிடும். தோல் மஞ்சளாகவும் காம்படியில் பச்சை கொஞ்சம் மிஞ்சியும் இருக்கிற பழமாகத் தெரிவுசெய்யுங்கள், கறுப்புப் புள்ளி விழுந்த பழம் கஞ்சியாகிவிடும். தோலை உரிக்க வேண்டாம். உள்வளைவுப் பக்கமாக நீளத்துக்குக் கீறுங்கள், அடித்தோல் வெட்டுப்படக் கூடாது. இரண்டு முனையையும் மெல்ல உள்நோக்கி அழுத்தினால் கீறல் வாய் திறக்கும், வள்ளம்போல இருக்கும். அதற்குள் ஒரு தேக்கரண்டி சீவிய பனங்கட்டி, ஒரு தேக்கரண்டி தேங்காய்ப்பூ, வறுத்து உடைத்த கச்சான் (நிலக்கடலை) கொஞ்சம், ஏலக்காய்த்தூள் ஒரு கிள்ளு. பொதியாக்கித் தணலில் 8 முதல் 10 நிமிடம். தோலே ஒரு பாத்திரமாக இருப்பதால் அடி கருகினாலும் பழம் தப்பிவிடும். பிள்ளைகளுக்குச் சொக்லேட் வேண்டுமென்றால் பனங்கட்டியை விட்டுவிட்டுச் சொக்லேட் துண்டு வையுங்கள், இரண்டும் சேர்ந்தால் திகட்டும். கச்சான் போடுமுன் வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் ஒவ்வாமை இருக்கிறதா என்று தாய் தகப்பனைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பனங்கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. குட்டானோடு, அந்தச் சின்ன ஓலைப்பெட்டியோடு வாங்கி வைத்திருக்கிற நல்ல பனங்கட்டி தணல் சூட்டில் இளகும்போது வருகிற மணத்துக்கு வெள்ளைச் சீனி கிட்டவும் வராது. அதில் ஒரு மெல்லிய கரிப்பு இருக்கிறது, பழத்தின் இனிப்பை அது தூக்கிப்பிடிக்கிறது. குட்டானைப் பிரித்து, கத்தியால் மெல்லியதாகச் சீவுங்கள். கட்டியாகப் போட்டால் பழம் வெந்த பிறகும் கட்டி அப்படியே இருக்கும்.

மாம்பழத்தில் கவனம் வேண்டும். கறுத்தக்கொழும்பானைச் சுட வேண்டாம், அது அப்படியே சாப்பிட வேண்டிய பழம், நெருப்பால் அதற்கு ஒரு நன்மையும் இல்லை. சுடுவதற்குக் கொஞ்சம் காயாக, அமத்தினால் இறுக்கமாக இருக்கிற செங்காய்தான் சரி, விலாட் நன்றாக வரும். கொட்டையின் இருபக்கமும் கன்னத்தை வெட்டி எடுத்து, சதையில் கத்தியால் சதுரம் சதுரமாகக் கீறி, தோலைக் கீழே வைத்து, மேலே பனங்கட்டி, நாலு துளி தேசிக்காய்ப்புளி, மிளகாய்த்தூள் ஒரு கிள்ளு, உப்பு அதைவிடக் குறைவாக. 8 நிமிடம். மிளகாய் வேண்டாம் என்கிறவர்கள் ஒருமுறை போட்டுப் பாருங்கள், மாங்காய்க்கு உப்பும் தூளும் தொட்டுத் தின்ற நாக்குக்கு இது உடனே பிடிபடும்.

அன்னாசி நமது மண்ணில் அதிகம் விளைவதில்லை, தெற்கிலிருந்து வருவதுதான், ஆனாலும் தணலுக்கு அதைப்போலப் பொருந்துகிற பழம் வேறில்லை. விரல் தடிப்பில் வட்டமாக வெட்டி, நடுத்தண்டை எடுத்துவிட்டு, சிவப்புச் சீனியும் கறுவாத்தூளும் இரண்டு பக்கமும் தூவி, பட்டர் ஒரு சின்னத் துண்டு வைத்துப் பொதியாக்குங்கள். 12 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பலாம். பச்சை அன்னாசி நாக்கைக் கடிப்பதற்கு அதிலுள்ள நொதியம்தான் காரணம்; நன்றாகச் சூடேறினால் அது செயலிழந்துவிடும், அதனால் சுட்ட அன்னாசி கடிக்காது. பச்சை அன்னாசியில் பால் சேர்த்தால் கைப்பதும் அந்த நொதியத்தால்தான். சுட்ட அன்னாசிக்கு மேலே ரின்பாலைத் தாராளமாக விடலாம், ஒன்றும் ஆகாது. விட்டுப் பாருங்கள்.

பலாப்பழக் காலத்தில், சாவகச்சேரிச் சந்தைப் பக்கம் போனால் தென்மராட்சிப் பலா மலிவாக அகப்படும். கொட்டை எடுத்த சுளைக்குள் பனங்கட்டியும் தேங்காய்ப்பூவும் அடைத்து, ஆறு சுளையை ஒரு பொதியாகக் கட்டி 10 நிமிடம். கொட்டைகளை வீசாதீர்கள். ஒவ்வொன்றிலும் கத்தியால் ஒரு கீறு போட்டுத் தணலின் ஓரத்துச் சாம்பலுக்குள் தள்ளிவிடுங்கள். கீறாமல் போட்டால் வெடிக்கும்.

அப்பிளும் செய்யலாம். துண்டாக்கி, நொறுக்கிய மாரி பிஸ்கற், பட்டர், சீனி, கறுவாத்தூள் சேர்த்துப் பிசறி 20 நிமிடம். கொய்யாவுக்கு 12 நிமிடம், விதையை வழித்துவிட்டு. முந்திரிகைப் பழம் (திராட்சை) தனியாக வைத்தால் வெடித்துச் சாறாகிவிடும், வாழைப்பழத்தோடு நாலைந்து சேர்த்தால் நல்ல புளிப்பு. வத்தகப்பழமும் பப்பாசியும் வேண்டாம். முதலாவது வெந்நீராகும், இரண்டாவது குழைந்து ஒரு மாதிரி மணக்கும். மாஷ்மெலோ வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், அதில் பெரும்பாலும் ஜெலற்றின் இருக்கும், அது விலங்கிலிருந்து எடுப்பது. விரத காலத்தில் பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

நான் சொன்ன நிமிடங்களைக் கட்டளையாக எடுக்க வேண்டாம். தணலுக்குத் தணல் சூடு மாறும், காற்று இருந்தால் இன்னும் மாறும். காதைக் கொஞ்சம் கொடுத்துக் கேளுங்கள். முதலில் ஒன்றும் கேட்காது, பிறகு பொதி மெல்ல ஊதி உள்ளே சிறுசத்தமாகக் கொதிக்கும், அப்போது பாதி வழி. கொதிக்கிற சத்தம் குறைந்து, இனிப்புக் கருகத் தொடங்குகிற மணம் மூக்குக்கு எட்டினால் உடனே எடுத்துவிட வேண்டும். முதல் தரம் ஒரு பொதியைக் கூடுதலாக வைத்து, ஐந்தாம் நிமிடத்தில் அதைத் திறந்து பாருங்கள். அந்த ஒன்றைப் பார்த்து மற்றவற்றுக்கு எவ்வளவு நேரம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

திறக்கும்போது

பொதியைக் குறட்டால் பக்கவாட்டில் பிடித்துத் தூக்குங்கள், மேல்மடிப்பில் பிடித்தால் அவிழ்ந்துவிடும். ஒரு தட்டில் வைத்து 3 நிமிடம் விடுங்கள். பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள், நீங்கள் பொறுக்க வையுங்கள். உருகிய சீனி கொதிநீரைவிடச் சூடானது, தோலில் பட்டால் ஒட்டிப்பிடித்துக்கொண்டு சுடும். மடிப்பைத் திறக்கும்போது முகத்துக்கு எதிர்ப்பக்கமாக, உங்களுக்கு அப்பாலே இருக்கிற முனையை முதலில் திறந்தால் ஆவி அந்தப் பக்கமாகப் போய்விடும்.

சூடு பட்டால் ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, பட்டர், மஞ்சள் ஒன்றும் பூசாதீர்கள். பெரிய காயம் என்றால் 1990-க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

தின்பதற்குக் கரண்டி போதும், தாளையே கோப்பையாக வைத்துக்கொள்ளலாம். மேலே கட்டித் தேங்காய்ப்பால் ஒரு மேசைக்கரண்டி விடலாம். வீட்டு வளவு என்றால் ஐஸ்கிறீம் வைக்கலாம், சூடும் குளிரும் சேர்ந்து வரும். எனக்கு வாழைப்பழத்துக்குத் தேங்காய்ப்பால்தான் வேண்டும்.

எல்லாரும் சாப்பிடும்போது மிஞ்சிய தணலுக்குள் நாலு வற்றாளங்கிழங்கைத் தாளில் சுற்றிப் புதைத்துவிடுங்கள். 40 நிமிடம் எடுக்கும், அதற்குள் கதையும் முடியாது.

அணைப்பது

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். தணலை மணலால் மூடிவிட்டுப் போகாதீர்கள். மணல் நெருப்பை அணைப்பதில்லை, ஒளித்து வைக்கும். மூடின தணல் மணித்தியாலக் கணக்கில் சூடாகவே கிடக்கும், மேலே பார்த்தால் வெறும் மணல். அக்காவின் மகன் ஒரு கடற்கரையில் வெறுங்காலோடு ஓடும்போது யாரோ முதல்நாள் இரவு மூடிவிட்டுப் போன அப்படி ஒரு கிடங்கில் கால் வைத்துவிட்டான். பாதம் முழுக்கக் கொப்பளம். வந்த விடுமுறையில் பாதி நாள் கட்டிலில் கிடந்தான். அந்த நெருப்பை மூட்டியவர்கள் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள், மணலைப் போட்டால் அணைந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள்.

தண்ணீர் வேண்டும். மூட்டுவதற்கு முன்னரே இரண்டு வாளி நிரப்பிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடல் தண்ணீரும் நல்லதுதான். கிழங்கை எடுத்த பிறகு, காற்று வருகிற பக்கமாக நின்று, மெல்ல மெல்ல ஊற்றுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் ஆவியும் சாம்பலும் முகத்துக்கு எழும்பும். தடியால் கிளறுங்கள், அடியில் இருப்பது மேலே வரட்டும், மறுபடியும் ஊற்றுங்கள். இரைச்சல் நின்ற பிறகு புறங்கையைச் சாம்பலுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு வாளி. குளிர்ந்த பிறகுதான் கிடங்கை மூட வேண்டும்.

தாள்களை எண்ணி எடுங்கள், வைத்தது பன்னிரண்டு என்றால் பன்னிரண்டும் பைக்குள் வர வேண்டும். அது எரியாது, உக்காது, மண்ணில் அப்படியே கிடக்கும். தீவுப்பகுதிக் கடற்கரைகளில் ஆடும் மாடும் அவிழ்த்துவிட்டபடி திரியும், பழச்சாறு மணக்கிற தாளை அவை நக்கிப் பார்க்காமல் விடாது.